காதணி விழாப் பத்திரிகையில் ஒரு திருத்தம்

அரண் நல்லது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசிவரை படித்துவிட்டு, கிறிஸ்டில்டா அரணுக்கு எதிரி என்று யாரும் என் மேல் பழி போட்டுவிடக் கூடாது.

நாட்டில் போகிற வருகிற ஒவ்வொரு மின்னஞ்சலையும் அரண் சோதிக்கிறது. கடிதத்தோடு ஒட்டிக்கொண்டு வரும் கோப்பு எதுவானாலும் சரி, படமோ பாட்டோ மென்பொருளோ, அதைக் கிள்ளி எறிந்துவிட்டுக் கடிதத்தை மட்டும் உள்ளே விடும். அடியில் ஒரு வரி இருக்கும்: 'பாதுகாப்பு கருதி இணைப்பு நீக்கப்பட்டது.' பதினைந்து வருஷமாக இந்த வரியோடு வாழ்ந்து பழகிவிட்டோம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் எவனையாவது விளையாட்டில் சேர்க்காவிட்டால்கூட 'இணைப்பு நீக்கப்பட்டது' என்றுதான் கத்துகிறார்கள்.

அரண் வந்ததற்குக் காரணம் இருக்கிறது. ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், ஒரு கோப்பு கல்யாணப் பத்திரிகை வேஷம் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிகளுக்குள் நுழைந்தது. ஒவ்வொரு ஆஸ்பத்திரியிலும் யாரோ ஓர் ஊழியர் அதைத் திறந்தார். உள்ளே இருந்தது பத்திரிகை இல்லை. வென்டிலேட்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. திருச்செந்தூர் சாலையில் இருக்கும் எங்கள் விடிவெள்ளி மருத்துவமனையில் மட்டும் பதினொரு பேர் போனார்கள்.

அன்றிலிருந்து எனக்குப் பத்திரிகை என்றாலே ஆகாது. காகிதப் பத்திரிகையை நீட்டினாலும் மேஜையில் வைத்துவிட்டுப் போகச் சொல்வேன். பிரித்துப் பார்ப்பதில்லை. எந்தக் கல்யாணத்துக்கும் போனதில்லை. திமிர் பிடித்தவள் என்று சொந்தத்தில் எனக்கு நல்ல பேர் உண்டு.

என் வேலை ஆஸ்பத்திரிக் கருவிகளைப் பராமரிப்பது. இந்தக் கதை சொர்ணவேலின் நெஞ்சுக்குள் இருக்கும் ஒரு கருவியைப் பற்றியது.

சொர்ணவேல் உப்பு லாரி ஓட்டியவர். வண்டி கவிழ்ந்து கழுத்தெலும்பு முறிந்ததில் கழுத்துக்குக் கீழே எதுவும் அசையாது. மூச்சும் தானாக வராது. மார்புக்குள் தீப்பெட்டி அளவில் ஒரு பெட்டி வைத்திருக்கிறோம். நிமிஷத்துக்குப் பதினான்கு தடவை அது நரம்பைத் தட்டும். அப்போது நெஞ்சு விரியும். காற்று வெளியே போகிற நேரத்தில்தான் அவரால் பேச முடியும். அதனால் நான்கு வார்த்தை பேசுவார், நிறுத்துவார், மறுபடி நான்கு வார்த்தை. பதினொரு வருஷமாக அப்படித்தான் ஊர்க்கதை முழுக்கப் பேசித் தீர்க்கிறார்.

அந்தப் பெட்டியைச் செய்த கம்பெனி மூடி ஆறு வருஷமாகிறது. அதில் வேலை பார்த்த அர்த்தநாரி என்கிற பொறியாளர், இப்போது நியூசிலாந்தில் இருப்பவர், ஒரு செவ்வாய்க்கிழமை எனக்குப் போன் செய்தார்.

"ஏனுங்க மேடம், உங்க ஆஸ்பத்திரில அந்தப் பெட்டி வெச்சவங்க யாராச்சும் இருக்காங்களா?"

"ஒருத்தர் இருக்காரு. சொர்ணவேல்னு."

"எந்தத் தேதில வெச்சீங்க?"

நோட்டைப் பார்த்துச் சொன்னேன். மறுமுனையில் அவர் முணுமுணுவென்று கணக்குப் போடுவது கேட்டது.

"என்ன சார்?"

"என் அலமாரில ஒரு மாதிரிப் பெட்டி சும்மா ஓடிட்டு இருந்துதுங்க. போன வாரம் நின்னு போச்சு. பிரிச்சுப் பார்த்தேன். அது நாள்களை எண்ணுதுங்க. நாலாயிரத்துத் தொண்ணூத்தாறாவது நாள்ல எண்ணிக்கை பூச்சியத்துக்குத் திரும்பீருது. அப்போ தன்னை இன்னும் யாருக்கும் வெக்கலைன்னு நெனச்சுத் தூங்கப் போயிருது. நாங்க பண்ணுன தப்புங்க. பதினோரு வருஷம் தாண்டி ஒருத்தரும் யோசிக்கலை."

"அவருக்கு எப்பம் வருது?"

"வியாழக்கிழமைங்க. சாயங்காலம் நாலு பத்துக்கு."

இரண்டு நாள்தான் இருந்தது. பெட்டி அப்படி நின்றால் கடைசித் தட்டலை விடாமல் பிடித்துக்கொள்ளும்; மூச்சை இழுக்கும் உதரவிதானம் இறுகிப்போய் நிற்கும். வென்டிலேட்டர் வைத்தாலும் காற்று இறங்காது. வெட்டியெடுக்க சொர்ணவேலின் உடம்பு தாங்காது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். மாநிலம் முழுக்க அந்தப் பெட்டியோடு இன்னும் நாற்பத்து மூன்று பேர் இருந்தார்கள். அவர்களுக்கு நாள் வர இன்னும் மூன்று நான்கு மாதமாகும். முதலாவதாக மாட்டிக்கொண்டவர் எங்கள் ஆள்.

"திருத்தம் எழுதி வெச்சிருக்கேனுங்க. சின்னது. மொத்தமே ஆயிரத்து இருபத்து நாலு எண்கள். ஒரு கோப்புல இணைச்சு அனுப்பினா அஞ்சு நிமிஷ வேலை" என்றார் அர்த்தநாரி. பிறகு அவரே சிரித்தார். அந்தச் சிரிப்பில் சந்தோஷம் இல்லை.

அனுப்பித்தான் பார்த்தார். இணைப்பு நீக்கப்பட்டது. கோப்பின் பெயரை மாற்றி அனுப்பினார், நீக்கப்பட்டது. எண்களைக் கடிதத்துக்குள்ளேயே எழுதினார், கடிதமே வரவில்லை. எண்களை எழுத்தால் எழுதினார். அரணுக்குத் தமிழ் நன்றாகவே தெரியும். போனில் ஒவ்வொன்றாக வாசித்தார். நூறாவது எண்ணில் பேச்சு அறுந்தது. மறுபடி இப்படி வாசித்தால் தொடர்பே முடக்கப்படும் என்று ஒரு பெண் குரல் மிக மரியாதையாகச் சொன்னது. அரண் அலுவலகத்தின் அனுமதிப் பிரிவுக்குப் போன் செய்தேன். கருவி மென்பொருளுக்கு ஒப்புதல் வேண்டுமென்றால் தயாரித்த கம்பெனி கையெழுத்துப் போட வேண்டும், நாற்பத்தைந்து வேலை நாள் ஆகும் என்றார்கள். கம்பெனியே இல்லை என்றேன். அப்படியானால் விண்ணப்பமே ஏற்கப்படாது என்றார்கள். கோபத்தில் போனை வைத்த வேகத்தில் மேஜை மேலிருந்த தேநீர் கொட்டியது.

சொர்ணவேலிடம் மறைக்கவில்லை. அவர் மனைவி பேச்சித்தாயும் பக்கத்தில் இருந்தாள்.

"லாரில பிரேக் புடிக்கலன்னா… கண்ண மூடிக்கிட்டு… ஒக்கார மாட்டோம்க்கா" என்றார் சொர்ணவேல். "கியர மாத்துவோம்… மணல்ல ஏத்துவோம்… என்னத்தையாவது… செய்வோம்லா."

பேச்சித்தாய் அழவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"அக்கா, எண்ணு போகாது. சரி. வேற எதுதான் போகும்?"

"மனுசங்க எழுதுற கடுதாசி போகும்."

"பேரு போகுமா?"

"எந்தப் பேரு?"

"மனுசன் பேரு. எங்க அச்சாபீசுக்குத் தெனமும் பத்திரிகைக்கு மேட்டர் மெயில்லதான வருது. இந்தப் பக்கத்துக் கல்யாணத்துல சொந்தக்காரன் பேரு ஒண்ணு வுட்டுப்போனா என்ன நடக்கும்னு உங்களுக்குத் தெரியும்லா. எரநூறு பேரு, முன்னூறு பேருன்னு வரிசையா எழுதி அனுப்புதாவ. ஒண்ணையும் அரண் நிறுத்துனது கெடையாது."

பேச்சித்தாய் அச்சகத்தில் பத்திரிகைக்கு எழுத்துக் கோக்கிறவள். இருபது வருஷ அனுபவம். போன வருஷம் அவர்கள் கோயில் கொடைத் திருவிழாவுக்கு அவளே அடித்த நோட்டீசில் ஊர்க்காரர்கள் முன்னூறு பேர் இருந்தார்கள். அதில் முதல் இருநூற்று ஐம்பத்தாறு பேரை எடுத்துக்கொண்டோம். ஒரே பெயர் இரண்டு தடவை வந்த இடங்களில் மாற்றுப் பெயர் போட்டோம். எந்த இடத்தில் எந்தப் பெயர் நிற்கிறதோ அதுதான் அந்தப் பெயரின் எண். அந்த நோட்டீசைக் கடிதமாக அர்த்தநாரிக்கு அனுப்பினோம். அரண் சந்தோஷமாக விட்டது. எண்களுக்குப் பதில் பெயர்களை எழுதி, நான்கு பத்திரிகைகளாக அச்சகத்துக்கே அவர் அனுப்ப வேண்டும் என்று ஏற்பாடு. கல்யாணம், புதுமனை புகுவிழா, மஞ்சள் நீராட்டு, காதணி விழா. ஒவ்வொன்றிலும் இருநூற்று ஐம்பத்தாறு பேர். நோட்டீசில் உள்ளபடி வரும் இன்ஷியலும், இன்னார் மருமகன், இன்னார் தம்பி என்ற குறிப்புகளும் வெறும் அலங்காரம், பெயர்தான் கணக்கு.

மறுபடியும் பத்திரிகையா? பதினைந்து வருஷத்துக்கு முன் சாவு எந்த வேஷத்தில் வந்ததோ அதே வேஷத்தை இன்று நான் உட்கார்ந்து தைக்கிறேன். அரண் வேண்டும் என்று விசாரணைக் கமிஷன் முன்னால் சாட்சி சொன்னவர்களில் நானும் ஒருத்தி. இருந்தும் செய்தேன். வேறு வழி ஒன்று இருந்திருந்தால் செய்திருக்க மாட்டேன்.

புதன்கிழமை மூன்று பத்திரிகைகள் வந்தன. பேச்சித்தாயின் பக்கத்திலேயே நின்று ஒவ்வொன்றையும் வாங்கி, பெயரை எண்ணாக்கி, பெட்டியோடு பேசும் ஆஸ்பத்திரிக் கருவியில் விரலால் தட்டி ஏற்றினேன். ஒவ்வொரு பகுதி முடிந்ததும் கருவி எண்களையும் அவற்றின் வரிசையையும் சரிபார்க்கும். மூன்றும் சரி என்றது.

காதணி விழா வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு வந்தது. அப்போது நான் ஆஸ்பத்திரியில் சொர்ணவேலைத் தயார் செய்துகொண்டிருந்தேன். பேச்சித்தாய் அச்சகத்திலிருந்து எனக்கு அனுப்பினாள். பதினொன்றரைக்குத் தட்டி முடித்தேன். கருவி சொன்னது: 'வரிசை பிழை. மீதமுள்ள வாய்ப்பு: 2.'

என் விரல்தான் தவறியது என்று நினைத்து மறுபடி தட்டினேன். நிதானமாக, ஒவ்வொரு பெயரையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு தட்டினேன். 'வரிசை பிழை. மீதமுள்ள வாய்ப்பு: 1.'

இங்கே நான் ஒரு மடத்தனம் செய்தேன். நேரே பேச்சித்தாயிடம் போகாமல், காதணி விழாவை மறுபடி அனுப்பச் சொல்லி அர்த்தநாரிக்குப் போன் செய்தேன். அவரும் அனுப்பினார். ஒரே நீளப் பட்டியல் ஒரே இடத்துக்கு இரண்டாம் முறை போனதும் அரண் விழித்துக்கொண்டது. கடிதம் வரவில்லை. அர்த்தநாரியின் மின்னஞ்சலும் போனும் இருபத்து நான்கு மணி நேரத்துக்கு முடக்கம். மூலப் பட்டியல் வைத்திருந்த ஒரே மனிதரோடு இனிப் பேச முடியாது.

ஆட்டோ பிடித்து அச்சகத்துக்கு ஓடினேன். மணி ஒன்று.

"வந்தத அப்படியேதான அனுப்புன?" என்றேன்.

"அப்படியேதான்க்கா" என்றாள். பிறகு முகம் மாறியது. கை வாய்க்குப் போனது. "ஐயோ…"

"என்னட்டி செஞ்ச?"

"எங்க பெரியப்பா பேருக்கு மேல… சித்தப்பா பேரு வந்துச்சு. அத மாத்திப்புட்டேன்."

"மாத்திப்புட்டியா!"

"நெனச்சுச் செய்யலக்கா. மத்தவங்க பேரு எப்படிக் கெடந்தாலும் கண்டுக்கிடல. எங்க வீட்டாளுக பேரு பக்கத்துப் பக்கத்துல தப்பா நின்னா கை தானாப் போயிருது. இருவது வருசமா இதே வேலதான. பெரியவங்கள மேல ஏத்தாம ஒரு பத்திரிகை என் கைய வுட்டுப் போனதில்ல."

அவளை அறையலாமா, கட்டிப்பிடித்து அழலாமா என்று தெரியவில்லை. புருஷன் உயிர் கிடக்கிறது, இவள் பெரியப்பாவுக்கு மரியாதை செய்திருக்கிறாள். ஆனால் யோசித்துப் பார்த்தால், என் பெரியப்பா பேர் அப்படி வந்திருந்தால் எனக்கும் கை துறுதுறுத்திருக்கும்.

"அசல் எங்க?"

"அது மேலேயேதான் திருத்துனேன். அசல் இல்ல."

"எத்தன எடம்?"

கண்ணை மூடிக்கொண்டு யோசித்தாள். "அஞ்சு."

"அடிச்சுச் சொல்லுதியா?"

"அஞ்சு தடவ கீபோர்டு கட்டைய அமுக்குனது வெரலுக்குத் தெரியுது."

அச்சிட்ட தாளை விரித்து வைத்துக்கொண்டு விரலால் தேடினாள். பெரியப்பாவும் சித்தப்பாவும் ஒன்று. அத்தையும் அத்தை மகளும் இரண்டு. தாய்மாமனும் அவர் மருமகனும் மூன்று. மூத்த அண்ணனும் இளையவனும் நான்கு. நான்கையும் பழையபடி தலைகீழாக்கினோம். ஐந்தாவது வரவில்லை. மறுபடி மேலிருந்து கீழே வந்தாள். கீழிருந்து மேலே போனாள். நெற்றியில் அடித்துக்கொண்டாள். ஐந்தாவது வரவே இல்லை. சொந்தக்காரர்கள் அடுத்தடுத்து நின்ற இடங்கள் அந்தத் தாளில் இன்னும் பன்னிரண்டு இருந்தன. எங்களுக்கு மீதி இருந்ததோ ஒரே ஒரு வாய்ப்பு.

அப்போதுதான் அச்சகத்துப் போன் அடித்தது. எடுத்துக் கேட்ட பேச்சித்தாய் வெளிறிப்போய் என்னிடம் நீட்டினாள்.

"அரண் மண்டல ஆபீஸ்ல இருந்து பேசுதேன். வாசிப்பு அலுவலர். பேரு திருமலைக்கொழுந்து" என்றது குரல். "மெசின் வுட்ட லெட்டர்ல அங்கங்க ஒண்ணு ரெண்ட நாங்க மனுசங்க எடுத்து வாசிப்போம். உங்களுக்கு வந்த காதணி விழா இப்பம் என் மேசைல இருக்கு. யாரு வீட்டு விசேசம்மா இது?"

"ஒரு கஸ்டமர்…"

"ஏம்மா, நான் கயத்தாத்துக்காரன். காது குத்துன்னா தாய்மாமன் பேரு எங்க வரும்னு எனக்குத் தெரியாதா? இதுல மாமனத் தூக்கி மருமவனுக்குக் கீழ போட்டிருக்கு. அண்ணனுக்கு மேல தம்பி நிக்கான். இப்படி ஒரு பத்திரிகைய அடிச்சா மண்டபத்துக்குள்ளயே வெட்டிக்கிடுவானுவ. இது பத்திரிகை இல்ல. என்னது இது?"

பொய் சொல்லியிருக்கலாம். நேரமில்லை, அதைவிட, அலுப்பாக இருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். பெட்டி, நாள் கணக்கு, நாலு பத்து, கொடை நோட்டீஸ், பேச்சித்தாயின் திருத்தம், கிடைக்காத ஐந்தாவது இடம். குறுக்கே பேசாமல் கேட்டார்.

"நீங்க செஞ்சது என்னன்னு தெரியுதா?" என்றார் கடைசியில். "செவுத்துல ஓட்டை போட்டிருக்கீய. இன்னைக்கு ஒருத்தருக்கு மூச்சு. நாளைக்கு ஒருத்தன் இதே வழில பேரு பேரா வெசத்த அனுப்புவான். பதினஞ்சு வருசம் முன்ன பத்திரிகைன்னு சொல்லி வந்ததுலதான் என் தம்பி செத்தான். உங்க ஆஸ்பத்திரிலதாம்மா செத்தான்."

"ஏழாம் நம்பர் படுக்கை" என்றேன். "நயினார். இருபத்தாறு வயசு. பைக்ல விழுந்து வந்தாரு. மறுநாள் குழாய எடுத்துரலாம்னு டாக்டர் எழுதியிருந்தாரு."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பதினொரு பேரையும் படுக்கை வரிசையில தெரியும் சார். அந்தப் பத்திரிகையத் தொறந்தது நாந்தான்."

கமிஷன் அறிக்கையில் 'ஓர் ஊழியர்' என்றுதான் இருந்தது. நான் யாரிடமும் சொன்னதில்லை. பேச்சித்தாய் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு அப்போது இருபத்தொன்பது வயது. 'நம்ம வீட்டுக் கல்யாணம், அவசியம் வரணும்' என்று வந்திருந்தது. யார் வீடு என்று யோசிக்கக்கூட இல்லை. என் பேரைப் போட்டிருக்கிறார்களா என்று பார்க்கத்தான் திறந்தேன். அதற்காக மட்டும்தான்.

"அண்ணாச்சி," என்றேன். சார் என்று கூப்பிட வாய் வரவில்லை. "அரண் வேணும்னு சாட்சி சொன்னவ நான். செவுரு வேணும். இல்லன்னு சொல்லல. ஆனா உள்ள மாட்டிக்கிட்டவன் வெளிய வர ஒரு கதவு வேணும்லா? அத வைக்க ஒருத்தருக்கும் தோணலியே. இந்த ஓட்டையை நீங்க அடைச்சுத்தான் ஆகணும். அடைங்க. நாலு மணிக்குப் பெறவு அடைங்க. என்மேல கேசு போடுங்க, ஆஸ்பத்திரி வாசல்லயே நிப்பேன். உங்க மேசைல அசல் இருக்கு. அந்த அஞ்சாவது எடத்த மட்டும் சொல்லுங்க."

"நாங்க வாசிக்கித லெட்டர்ல ஒரு எழுத்து வெளிய சொன்னாலும் என் வேல போவும். நான் இந்தப் பேச்சே பேசிருக்கக் கூடாது" என்றார். போனை வைத்துவிட்டார்.

மணி இரண்டு. பேச்சித்தாய் தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டேன் என்று தெரியும்.

"பேச்சி, பத்திரிகை அடிக்கதுக்கு முன்ன வீட்டாளுகளுக்கு என்ன அனுப்புவ?"

"புரூஃப்."

"நீ திருத்துன காதணி விழாவ, திருத்துனபடியே, அந்த ஆபீசுக்கு புரூஃபா அனுப்பு. 'பிழை இருந்தால் தெரிவிக்கவும்'னு வழக்கமா எழுதுவேல்லா, அத எழுதி அனுப்பு."

அனுப்பினாள். இரண்டு இருபது. இரண்டரை. அச்சகத்துக்குப் பக்கத்துக் கடையில் யாரோ பரோட்டா கொத்துகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அதை நிறுத்தச் சொல்லிக் கத்த வேண்டும் போல் இருந்தது.

இரண்டு நாற்பதுக்கு ஒரு கடிதம் வந்தது. அலுவலக முகவரி இல்லை, தனி ஆள் ஒருவரின் முகவரி. அரண் சோதித்து, கடிதம்தான் என்று முத்திரை குத்தியிருந்தது.

'அச்சக உரிமையாளர் அவர்களுக்கு. தங்கள் காதணி விழா புரூஃப் பார்த்தேன். எங்கள் சொர்ணவேல் பெயரை அவர் தகப்பனார் சங்கரபாண்டி பெயருக்குக் கீழே இறக்கியிருக்கிறீர்கள். தகப்பனாருக்கு மரியாதை செய்வது சரிதான். ஆனால் இந்த ஒரு விசேஷத்துக்கு மட்டும் சொர்ணவேல் மேலேதான் நிற்க வேண்டும். தயவுசெய்து அவரை மேலே ஏற்றவும். மனவருத்தத்துடன், ஓர் உறவினர்.'

பேச்சித்தாய் ஒரு தடவை வாசித்தாள். மறுபடி வாசித்தாள். அப்போதுதான் அழுதாள். "எம் மாமனாரு பேரு. அவர் பேருக்கு மேல எம் புருசன் பேரு வரலாமான்னு… அது எனக்குத் திருத்தம்னே தோணலக்கா. அதாம் ஞாபகம் இல்ல."

"பெறவு அழலாம், எந்திரி" என்றேன்.

மூன்று மணிக்கு ஆஸ்பத்திரியில் கருவி முன் உட்கார்ந்தேன். பேச்சித்தாய் பெயரை வாசித்தாள், நான் எண்ணைத் தட்டினேன். பெரியப்பாவுக்கு மேலே சித்தப்பா வந்தபோது அவள் குரல் கொஞ்சம் தடுமாறியது. 'சொர்ணவேல்' என்று வாசித்துவிட்டு, அதற்குப் பிறகுதான் 'சங்கரபாண்டி' என்றாள். மூன்று ஐம்பதுக்கு முடிந்தது. கருவி யோசித்தது. அது யோசித்த பத்து விநாடியும் எனக்கு அந்தப் பழைய செவ்வாய்க்கிழமைதான்.

'சரி.'

சொர்ணவேலின் மார்பில் கருவியின் வளையத்தை வைத்து, திருத்தத்தைப் பெட்டிக்குள் இறக்கினேன். நான்கு ஐந்து. இனி செய்ய ஒன்றுமில்லை. மூன்று பேரும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தோம். நெஞ்சு விரிந்தது, அடங்கியது. விரிந்தது, அடங்கியது. நான்கு பத்தில் பேச்சித்தாய் என் கையைப் பிடித்த பிடியில் வளையல் உடைந்தது.

"மணி என்னக்கா?" என்றார் சொர்ணவேல், கண்ணை மூடாமல்.

"நாலு பதினொண்ணு."

நெஞ்சு விரிந்தது. "அப்பம் ஒரு… காப்பி சொல்லுங்க."

மறுநாள் காலையில் அரண் ஓட்டையை அடைத்தது. இருபது பெயருக்கு மேல் வரிசையாக எழுதிய எந்தக் கடிதமும் இனிப் போகாது. ஊரெல்லாம் கூப்பாடு. முகூர்த்தம் நெருங்கிய வீடுகளில் பத்திரிகை மேட்டர் அனுப்ப முடியாமல் அலைந்தார்கள். பதிவு செய்த மண்டபத்தைக் கைவிட்டவர்கள்கூட உண்டு. யாரால் வந்தது என்று தெரிந்திருந்தால் என்னைக் கல்லால் அடித்திருப்பார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு, வெட்கம் இல்லை.

நானே அரண் அலுவலகத்துக்குப் போனேன். நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். 'ஓர் ஊழியர்' யார் என்பதையும் அதில் முதல் முறையாக எழுதினேன். உறவினர் ஒருவர் அனுப்பிய கடிதத்தைப் பற்றி மட்டும் எழுதவில்லை. விசாரணை வைத்தார்கள், திட்டினார்கள், ஆறு மாதச் சம்பள உயர்வை வெட்டினார்கள். ஆனால் என் காகிதத்தோடு, உள்ளேயிருந்தே ஓர் அலுவலர் எழுதிய நீண்ட குறிப்பும் மேலே போனது என்று பிறகு தெரிந்தது. மூன்றாவது மாதம், உடம்புக்குள் இருக்கும் கருவிகளுக்கென்று தனி வாசல் ஒன்றை அரணில் திறந்தார்கள். அதில் மெஷினோடு மனிதர் ஒருவரும் உட்கார்ந்து பார்ப்பார். அர்த்தநாரியின் திருத்தம் அந்த வழியாகவே போய், நாற்பத்து மூன்று பேருக்கும் நாள் வருவதற்குள் சேர்ந்தது.

போன வாரம் என் அறைக் கதவைத் தட்டி ஒருவர் வந்தார். நரைத்த மீசை, கையில் மஞ்சள் பை. பேர் சொல்வதற்கு முன்னாலேயே குரல் தெரிந்துவிட்டது.

"மகளுக்குக் கல்யாணம்" என்றார் திருமலைக்கொழுந்து. "அரண்ல அனுப்பத்தான் வழியில்லாமப் போச்சே. நாந்தான் அடைச்சேன், அதனால நாந்தான் வீடு வீடா நடக்கேன்." சிரித்தார். பையிலிருந்து ஒரு பத்திரிகையை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார். "பேச்சித்தாய்தான் அடிச்சுது. வரிசையில ஒரு பிழை சொல்ல முடியாது."

வழக்கம்போல், மேஜையில் வைத்துவிட்டுப் போங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் கையைத் தாழ்த்தவில்லை. நீட்டியபடியே நின்றார். அவசரமில்லாமல் நின்றார்.

வாங்கினேன். உறையின் ஓரத்தில் மஞ்சள் தடவியிருந்தது. பிரிக்காமல் உறையைத் திருப்பித் திருப்பிப் பிடித்துக்கொண்டிருந்ததை அவர் பார்த்தார். பார்க்காதது போல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பதினைந்து வருஷத்துக்குப் பிறகு ஒரு பத்திரிகையைப் பிரித்தேன்.

என் பேர் இருக்கிறதா என்று பார்க்கவில்லை. மேலே, எல்லோருக்கும் மேலே, முதல் வரியில் இருந்தது: 'அமரர் நயினார் ஆசியுடன்.'

முகூர்த்தம் ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு. எட்டரைக்கே போய்விடுவேன்.